சமுதாய வானொலியில் நேயர் அழைப்பு விவாதம்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

"ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டுப் பேசுங்கம்மா." போனில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்த எல்லாருக்கும் இந்த வரி மனப்பாடம். விரும்பிய பாடல் போடும் நிகழ்ச்சி என்றால் அந்த ஒரு வரியை வைத்தே ஓட்டிவிடலாம். ஊர்ப் பிரச்சினையைப் பற்றி மக்கள் பேசும் நிகழ்ச்சிக்கு முன்தயாரிப்பு நிறைய வேண்டும். ஒரு சிறிய சமுதாய வானொலியில், அதாவது அந்தப் பகுதி மக்களுக்காக லாப நோக்கமின்றி நடக்கும் நிலையத்தில், தன்னார்வலராக இருந்தபோது நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். எங்கள் நிகழ்ச்சி முதல் சில வாரங்கள் வெறும் புகார்ப்பெட்டியாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் போன் எடுப்பவருக்குச் சரியாகப் பயிற்சி கொடுத்த பிறகுதான் அது விவாதமாக மாறியது.

தொடங்கும் முன்: எதைப் பேசலாம்?

காற்றலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அடிப்படையில்தான் பின்னாளில் சமுதாய வானொலி என்ற எண்ணமே நம் நாட்டில் வேர்பிடித்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் மீனவ மக்களுக்காக நடக்கும் கடல் ஓசை அப்படி வந்ததுதான்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். கட்சி அரசியல் கூடாது. குடிநீர், மின்சாரம், வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் சுகாதார எச்சரிக்கை போன்ற தகவல்கள் செய்தி என்ற கணக்கில் வராது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால் ஊர் மக்கள் தங்கள் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு வழி தாராளமாகவே உள்ளது. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. இருந்தாலும், இருக்கும் இடத்துக்குள்ளேயே செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நாங்களும் சறுக்கினோம். "குடிநீர்ப் பிரச்சினை – உங்கள் கருத்து என்ன?" என்று அறிவித்தோம். வந்த அழைப்பெல்லாம் ஒரே மாதிரி: "தண்ணியே வரலைங்க, அரசாங்கம் நடவடிக்கை எடுக்கணும்." மூன்றாவது அழைப்பிலேயே கேட்பவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.

அடுத்த முறை கேள்வியை மாற்றினோம்: "உங்கள் தெருவில் தண்ணீர் எந்த நேரத்துக்கு விடுகிறார்கள்? எந்த நேரம் விட்டால் உங்களுக்கு வசதி?" இதற்குப் பதில் சொல்லப் படிப்பு வேண்டாம், தைரியம்கூட அதிகம் வேண்டாம். தன் தெருக்குழாயைப் பற்றி அவரவருக்குத்தான் நன்றாகத் தெரியும். காலை பத்து மணிக்குத் தண்ணீர் விடுவதால் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பிடிக்க முடிவதில்லை என்று ஒரு அக்கா சொன்னார். கொஞ்ச நேரத்தில் டேங்க் ஆபரேட்டரே அழைத்தார். "மும்முனை மின்சாரம் வந்தாத்தான் மோட்டார் ஓடும் தம்பி, அது வர்ற நேரத்துக்குத்தான் நான் ஏத்த முடியும்." அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த தெரு, மின்சார நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

ஒரு கேள்வி சரியா என்று பார்க்க எளிய சோதனை: அதை உங்கள் வீட்டிலும், டீக்கடையிலும், ரேஷன் கடை வரிசையிலும் கேட்டுப் பாருங்கள். மூன்று இடத்திலும் வேறு வேறு பதில் வந்தால் கேள்வி தயார்.

படி 2: மூன்று பேர் போதும்

தொகுப்பாளர் ஒருவர், மைக், போன் ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்சர் கருவியைப் பார்த்துக்கொள்ள ஒருவர், போன் எடுக்க ஒருவர். ஆள் குறைந்தால் முதல் இரண்டையும் ஒருவரே பார்க்கலாம். போன் எடுப்பவரை மட்டும் குறைக்காதீர்கள்.

படி 3: போனை மிக்சரில் சேர்ப்பது

கையில் காசிருந்தால், போனை மிக்சரோடு இணைப்பதற்கென்றே உள்ள டெலிபோன் ஹைப்ரிட் என்ற கருவியை வாங்கிவிடலாம். இல்லையென்றால் சாதாரண செல்போன், அதற்கேற்ற கேபிள், ஆக்ஸ் வசதி (வேண்டிய ஒலிகளை மட்டும் தனியாக வெளியே அனுப்பும் வழி) உள்ள சிறிய மிக்சர், இவை போதும்.

போனிலிருந்து வரும் ஒலியை மிக்சரின் ஒரு சேனலில் கொடுங்கள். மிக்சரின் ஆக்ஸ் அவுட்டைப் போனின் மைக் பக்கத்துக்குக் கொடுங்கள். இப்போது தொகுப்பாளரின் மைக் சேனலில் ஆக்ஸ் குமிழை ஏற்றுங்கள். போன் வரும் சேனலில் மட்டும் ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இதை மிக்ஸ் மைனஸ் என்பார்கள். அதாவது, அழைத்தவருக்கு அவர் குரலைத் தவிர மற்ற எல்லாம் கேட்கும். அந்தக் குமிழ் கொஞ்சம் ஏறியிருந்தால்கூட அவர் பேசியது அவருக்கே திரும்பக் கேட்டு, இரண்டு வார்த்தைக்கு மேல் தடுமாறிப் போவார். அவருக்குப் பேச்சுத் திறமை இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம், பாவம்.

மைக் கேபிளை ஒட்டிப் போனை வைக்காதீர்கள், டிர்டிர் என்ற இரைச்சல் நுழையும். ஸ்டுடியோவில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். போனில் அலாரம், வாட்ஸ்அப் ஒலி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முதல் நாள் மாலையே நண்பரை அழைக்கச் சொல்லி ஒத்திகை பாருங்கள்.

படி 4: போன் எடுப்பவரின் வேலை

ஊரில் ஒருவர் முதன்முதலாக ரேடியோவுக்குப் போன் செய்யும்போது அவருக்குக் கை நடுங்கும். அவர் கேட்கும் முதல் குரல் போன் எடுப்பவருடையது. அந்தக் குரல் அவசரப்பட்டால் அவர் பாதியிலேயே வைத்துவிடுவார், மறுபடி அழைக்கவே மாட்டார்.

எங்கள் குழுவில் இந்த வேலையைப் பார்த்த அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். பெயர், ஊர், என்ன சொல்ல வருகிறார் என்று ஒரே வரி, அவ்வளவுதான். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம்ணே, எந்த ஊர்லேருந்து பேசுறீங்க? ... சரிண்ணே. என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க, எங்கிட்ட ஒருதடவை சொல்லுங்க. ... நல்ல விஷயம்ணே, இதையே அப்படியே சொல்லுங்க. பேரைச் சொல்லலாமா, வேண்டாமா? இது ரேடியோவுல வரும், சம்மதந்தானே? நானே திரும்பக் கூப்பிடுறேன், ரேடியோவை அணைச்சுட்டு இருங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். நாமே திரும்ப அழைப்பது முக்கியம். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களிடம் பல நேரம் பேலன்ஸ் இருக்காது, மிஸ்டு கால்தான் வரும். அவர்களை விட்டுவிட்டால் ஊரின் பாதிக் குரல் போய்விடும். பெண்கள் வீட்டு ஆண்களின் போனிலிருந்து அழைப்பார்கள். அந்த எண்ணை யாரிடமும் கொடுக்கக் கூடாது, பெயர் வேண்டாம் என்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் அழைத்தவரை முதலில் பேச வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நோட்டைப் பார்த்து வரிசையைத் தீர்மானியுங்கள். நேரில் அனுபவித்ததைச் சொல்பவர் முதலில், அதற்கு மாறான அனுபவம் உள்ளவர் அடுத்து, அப்புறம் யோசனை சொல்பவர். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் வடிகட்டாதீர்கள். அப்படிச் செய்தால் ஊருக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும்.

படி 5: ஒலிபரப்பில்

முதல் ஐந்தாறு நிகழ்ச்சிகளை நேரலையாகச் செய்யாதீர்கள். பெரிய நிலையங்களில் பேச்சைச் சில நொடி தாமதித்து அனுப்பும் கருவி இருக்கும், வசைச்சொல் வந்தால் நடுவிலேயே வெட்டிவிடலாம். நம்மிடம் அது இருக்காது. அழைப்புகளை ஒரு மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தேவையான இடத்தில் மட்டும் வெட்டி ஒலிபரப்புங்கள். வெட்டும்போது சொன்னதன் பொருள் மாறக் கூடாது.

40 நிமிட நிகழ்ச்சிக்கு ஆறேழு பேர் போதும். தொகுப்பாளர் "ஏன்?" என்று கேட்பதைவிட "எப்போது, எத்தனை நாளாக, யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டால் விவரம் வரும். முந்தையவர் சொன்னதை அடுத்தவரிடம் எடுத்துப் போங்கள்: "இப்பத்தான் ஒரு அண்ணன் மின்சாரம் வரும் நேரம்தான் பிரச்சினைன்னு சொன்னார், உங்க ஊர்ல எப்படி?" இப்படிக் கோத்தால்தான் தனித்தனிப் பேச்சு விவாதமாகும்.

யாராவது ஒரு அதிகாரியின் பெயரைச் சொல்லி லஞ்சம் வாங்கினார் என்று தொடங்கினால், மரியாதையாக இடைமறித்துப் பதவியோடு நிறுத்தச் சொல்லுங்கள். நம்மால் நிரூபிக்க முடியாததை ஒலிபரப்பினால் அழைத்தவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார். சாதியையோ மதத்தையோ இழுத்தால் அழைப்பை அங்கேயே முடித்துவிடலாம், தயக்கம் வேண்டாம்.

பதில் சொல்லும் பொறுப்பில் இருப்பவரையும் அழையுங்கள். எங்களுக்கு ஒரு அலுவலகம் மூன்று வாரம் இழுத்தடித்து, கடைசியில் வர மறுத்தது. "அழைத்தோம், வரவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போனோம். அதற்கு மேல் கிண்டலோ விமர்சனமோ சேர்க்கவில்லை.

படி 6: முடிந்த பிறகு

ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும், அது விதி. கோப்பில் தேதியையும் தலைப்பையும் எழுதி வையுங்கள்.

அழைத்தவர்கள் சொன்ன விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வார நிகழ்ச்சியின் முதல் இரண்டு நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள்: என்ன கொடுத்தோம், என்ன பதில் வந்தது, வரவில்லையென்றால் வரவில்லை. எங்களுடைய தண்ணீர் நிகழ்ச்சியில் பேசிய அக்கா மறுவாரம் அவராகவே அழைத்தார். தண்ணீர் நேரம் அப்போது இன்னும் மாறியிருக்கவில்லை. "எங்க தெருவுல இன்னும் நாலு பேர் பேசணும்னு நிக்கிறாங்க, போனைக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.