அறவுணர்வின் பரிணாமம்: அடிக்கடி நேரும் தவறுகள்

சமூக உணர்ச்சிகள் உள்ள எந்த விலங்குக்கும் மனிதன் அளவுக்கு அறிவு வளர்ந்தால் மனசாட்சியும் வந்தே தீரும் என்று டார்வின் 1871-இலேயே வாதிட்டார். ஆனாலும் பரிணாமம் என்றதும் 'வலியவன் வாழ்வான்' என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். அந்தத் தொடரின் ஆங்கில மூலமான 'survival of the fittest' தத்துவஞானி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கியது. டார்வின் பின்னர்தான் அதை எடுத்துக்கொண்டார். தமிழில் 'தக்கன பிழைக்கும்' என்று அருமையான தொடர் இருக்கிறது. தக்கது என்றால் சூழலுக்குப் பொருந்துவது. பலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கூடி வேட்டையாடி, கூடிப் பிள்ளை வளர்த்த இனத்தில் மற்றவர்களின் நம்பிக்கையை இழந்தவன் எவ்வளவு பலசாலியானாலும் தக்கவன் அல்ல.

அடுத்தது, ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் பரவலாக்கிய 'சுயநல மரபணு' என்ற உருவகத்தை அப்படியே மனிதர்மேல் ஏற்றுவது. தன் நகல்களைப் பெருக்கிக்கொள்ளும் மரபணு மிஞ்சும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 'அப்படியானால் தாய்ப்பாசமும் உள்ளுக்குள் சுயநலம்தான்' என்று முடிப்பவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். இந்த உணர்வு தலைமுறைகளைத் தாண்டி ஏன் நிலைத்தது என்பது ஒன்று. இந்த ஆளை இந்த நேரத்தில் எது தூண்டுகிறது என்பது வேறொன்று. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1961-இல் இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். உடலுக்குச் சக்தி வேண்டும் என்பதால் பசி பரிணமித்தது. அதற்காகப் பசித்தவன் கலோரிக் கணக்குப் போட்டு இலையில் உட்காருவதில்லை. தாயின் பாசமும் அப்படித்தான், கலப்படமில்லாதது. அந்த உண்மையான பாசமே நிலைத்தது.

அதிகமாகக் குழம்பும் இடம் உறவுத் தேர்வு, அதாவது உறவினருக்கு உதவும் பண்பு பரிணாமத்தில் எப்படிப் பரவுகிறது என்ற விளக்கம். 1964-இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் தந்த விதி இது: உறவளவை (இருவரின் உறவு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண்) உதவி பெறுபவரின் பலனால் பெருக்கினால், அது செய்பவரின் இழப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் உதவும் பண்பு பரவும். பலன், இழப்பு இரண்டும் எண்ணப்படுவது சந்ததிகளின் எண்ணிக்கையில். பணத்திலோ மகிழ்ச்சியிலோ அல்ல. உறவளவைக் கணக்கிட, பெற்றோர்–பிள்ளை கண்ணி ஒவ்வொன்றுக்கும் 1/2 வைத்துப் பெருக்குங்கள். அண்ணன் தம்பிக்கு அம்மா வழியில் இரண்டு கண்ணி, 1/4, அப்பா வழியில் இன்னொரு 1/4, கூட்டினால் 1/2. பெரியப்பா மகனுக்குத் தாத்தா வழியில் நான்கு கண்ணி, 1/16, பாட்டி வழியிலும் 1/16, ஆக 1/8. தம்பிக்குச் செய்யும் உதவியின் பலன் இழப்பைப்போல் இரு மடங்கைத் தாண்ட வேண்டும்; பெரியப்பா மகனுக்கு எட்டு மடங்கை.

'சிம்பன்சியோடு 98 சதவீதம் ஒற்றுமை என்கிறீர்கள், சொந்தத் தம்பியோடு பாதிதானா?' என்ற கேள்வி இங்கே தவறாமல் வரும். உறவளவு மொத்த ஒற்றுமையை அளப்பதில்லை. ஆளுக்கு ஆள் மரபணு வேறுபடும் இடங்களில், அண்மை முன்னோரிடமிருந்து இருவருக்கும் ஒரே நகல் வந்திருக்கும் வாய்ப்பையே அது அளக்கிறது.

எந்த உயிரும் இந்தப் பின்னங்களைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 'என் கூட்டில் வாய் பிளப்பது என் குஞ்சு' என்ற எளிய விதியே காக்கைக்குப் போதுமாக இருந்தது. அதனால்தான் குயில் குஞ்சுக்கும் அது ஊட்டுகிறது. மனிதர்களிடமும் இப்படிப்பட்ட அடையாளங்கள்தான். அம்மா அந்தக் குழந்தையைக் கைக்குழந்தையாக வளர்த்ததைப் பார்த்திருப்பது ஒன்று, ஒரே வீட்டில் எத்தனை ஆண்டு சேர்ந்து வளர்ந்தோம் என்பது இன்னொன்று. தத்தெடுத்த தம்பிமீது வரும் பாசம் கோட்பாட்டை உடைக்கவில்லை, அதற்குள்ளேயே அடங்குகிறது.

இயற்கையானது என்பதால் சரியாகிவிடாது; இதைத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739–40-இலேயே சுட்டிக்காட்டினார். எதிர்ப்பக்கத் தவறையும் கவனியுங்கள்: 'பரிணாமத்தில் வந்தது, ஆகவே அறம் வெறும் மாயை.' கண்ணும் பரிணாமத்தில் வந்ததுதான்; அதற்காக அது காண்பதெல்லாம் மாயை என்று யாரும் சொல்வதில்லை.

மூதாதையைக் காட்டுகிறேன் என்று சிம்பன்சியின் சண்டையை மட்டுமோ அதன் நெருங்கிய உறவான பொனொபோ என்ற வாலில்லாக் குரங்கின் இணக்கத்தை மட்டுமோ எடுத்துக்கொள்வதும் தவறு. இரண்டும் நமக்கு ஒரே தூரத்து உறவு. எதுவும் நம் மூதாதை அல்ல.

ஒற்றைச் சோதனையின்மீது கட்டடம் எழுப்புவது பெரிய ஆபத்து. 2003-இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் வெளியிட்ட கப்புச்சின் குரங்கு ஆய்வு எல்லோருக்கும் தெரியும். வில்லையைத் திருப்பித் தந்தால் வெள்ளரித் துண்டு. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும் வெள்ளரியை மறுக்கிறது. உடனே 'குரங்குக்கும் நீதியுணர்வு' என்று எழுதிவிடுகிறோம். நல்ல தின்பண்டம் கண்ணெதிரே இருந்தும் கிடைக்காத ஏமாற்றம் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். பிரித்தறிய, பக்கத்துக் கூண்டைக் காலியாக விட்டு அங்கே திராட்சையை வைத்துப் பார்க்க வேண்டும். பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. தனக்குக் குறைந்தால் கோபப்படுவதும், தனக்குக் கூடினால் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. மனித நீதியுணர்வில் இரண்டாவதும் உண்டு.

கைக்குழந்தைகள் விஷயமும் அப்படித்தான். இன்னொன்றுக்கு உதவிய பொம்மை, அதைத் தடுத்த பொம்மை இரண்டையும் காட்டியபோது, உதவியதையே 6, 10 மாதக் குழந்தைகள் தேர்ந்தெடுத்தன என்று 2007-இல் வந்த ஆய்வு புகழ்பெற்றது. பின்னர் 37 ஆய்வகங்கள் சேர்ந்து செய்து பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளே உதவிய பாத்திரத்தை எடுத்தன. அதாவது பூவா தலையா போட்டது போல. பழைய ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, 'பரிணமித்தது என்றால் எங்கும் ஒரே மாதிரி இருக்கும்' என்ற எண்ணம். இதைச் சோதிக்க ஒரு விளையாட்டு உண்டு: ஒருவரிடம் பணம் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்குப் பங்கு தரச் சொல்வார்கள். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் குழுவினர் 15 சிறு சமூகங்களில் இதை நடத்தினார்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் தந்தார்கள். இந்தோனேசியாவின் லாமலேராவில், கூட்டாகத் திமிங்கில வேட்டைக்குப் போகும் மக்கள், பாதிக்கும் மேல் தந்தார்கள். நெறியைக் கற்றுப் பின்பற்றும் திறன் பொதுவானது. நெறியின் உள்ளடக்கம் ஊருக்கு ஊர் மாறும். பப்புவா நியூ கினியின் அவ், ஞாவ் மக்களில் சிலர் பாதிக்கு மேல் கொடுத்தபோதும் மறுத்தார்கள். அங்கே பெரிய பரிசு என்பது பின்னாளில் திருப்பித் தர வேண்டிய கடன். மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும் நமக்கு அந்தத் தயக்கம் புரியாமல் போகாது.