கால்பகுதியை டேன் சொல்லாது

பதினோராம் வகுப்புக்கு முக்கோணவியல் சமன்பாடு நடத்தும் ஒவ்வொரு வருடமும், ஒரே விடைத்தாளைத் திரும்பத் திரும்பத் திருத்துவது போலிருக்கிறது. நான் படித்தபோது சறுக்கிய அதே இடங்கள்தான். 0°-லிருந்து 360° வரை 90° வீதம் பிரித்த நான்கு கால்பகுதிகளிலும் வரிசையாக எது பிளஸ் (எல்லாம், சைன், டேன், காஸ்) என்று சொல்லும் ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மைனஸோடு கோணம் தேடுவது

காஸ் தீட்டா = −1/2. கால்குலேட்டர் 120° காட்டும். அதை 180-லிருந்து கழித்தும் 180-உடன் கூட்டியும் 60°, 300° என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் காஸ் மதிப்பு +1/2! மைனஸை ஒதுக்கிவிட்டு, 1/2-க்குரிய 60°-ஐ எடுங்கள். கழித்தால் 120°, கூட்டினால் 240°. மைனஸுக்கு ஒரே வேலை, எந்தக் கால்பகுதி என்று காட்டுவது.

வகுத்து டேன் ஆக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

சைன் தீட்டா − √3 காஸ் தீட்டா = 1. இதை 2-ஆல் வகுத்து, காஸ் (தீட்டா − ஆல்பா) = 1/2 என்று மாற்ற வேண்டும். அதற்கு காஸ் ஆல்பா = −√3/2, சைன் ஆல்பா = 1/2. இதுவரை எல்லாரும் சரியாகவே வருகிறார்கள். அடுத்த வரியில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து, டேன் ஆல்பா = −1/√3, ஆகவே ஆல்பா = −30° என்கிறார்கள். போச்சு.

வகுத்த கணமே மைனஸ் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது அழிந்துவிடுகிறது. டேன் இரண்டாம் கால்பகுதியிலும் மைனஸ், நான்காவதிலும் மைனஸ். கால்குலேட்டர் −90°-க்கும் 90°-க்கும் இடையில்தான் பதில் சொல்லும், அதனால் நான்காவதைக் கொடுக்கிறது. இங்கே காஸ் மைனஸ், சைன் பிளஸ், எனவே இரண்டாவது. ஆல்பா 150°, தீட்டா 90° அல்லது 210°.

−30° வைத்தவர்களுக்கு 30°, 270° கிடைக்கும். பார்க்க லட்சணமான விடைகள், யாருக்கும் சந்தேகமே வராது. “ஸ்டெப் எல்லாம் சரிதானே சார்?” என்று ஒரு மாணவி வாதாடினாள். 270°-ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சைன் −1, காஸ் 0. “மைனஸ் ஒண்ணு வருது சார்...” 30°-க்கும் அதே −1தான். ஆல்பா சரியாக 180° தள்ளிப்போனதால் இடப்பக்கத்தின் குறியே திரும்பிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்ணின் வீச்சு (அந்தப் புள்ளி எக்ஸ் அச்சோடு செய்யும் கோணம்) காணும்போது இதே தவறு மறுபடி வரும். மெய்ப்பகுதி −√3, கற்பனைப்பகுதி 1 என்றால் புள்ளியைத் தாளில் குறித்துவிட்டு அப்புறம் கோணம் எழுதுங்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு இதற்கென்றே ‘ஏடேன்2’ (atan2) என்ற சார்பு இருக்கிறது, ஃபோர்ட்ரான் காலத்திலிருந்தே. இரண்டு எண்களையும் தனித்தனியாக வாங்கிக்கொள்வதால் குறி தொலையாது. ஆனால் பைத்தானில் ஒய் முதலில், எக்செலில் எக்ஸ் முதலில். அதிலும் கவனம்!

இரட்டைக் கோணம்

சைன் 2 தீட்டா = 1/2 என்றால் கால்பகுதி பார்ப்பது 2 தீட்டாவுக்கு, தீட்டா 360° வரை என்பதால் அதுவும் 720° வரை. விடைகள் நான்கு: 15°, 75°, 195°, 255°.

வர்க்கப்படுத்தினீர்களா?

பொய் விடைகளும் சேர்ந்து வரும், பிரதியிட்டுப் பாருங்கள். சைன் தீட்டா + காஸ் தீட்டா = 1-க்கு 180°-உம் 270°-உம் விடை அல்ல.