கசியாத டிரெயின் பிளக்கைப் பார்த்து வாங்குவது எப்படி

பைபர் படகின் பின்பக்க அடியில் பெரும்பாலும் ஒரு இஞ்ச் அளவில் வடிகால் துளை இருக்கும்; அதை அடைக்கும் மூடிதான் டிரெயின் பிளக். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே அந்தத் துளை திறந்து கிடந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே ஏறும். கசியும் பிளக்கை இன்னும் இறுக்கிப் பார்ப்பதுதான் பலரின் முதல் வேலை. கோளாறு பெரும்பாலும் இறுக்கத்தில் இல்லை, பொருத்தத்தில்தான்.

துளைக்குள் மரை இருந்தால் திருகு பிளக், வழவழப்பான குழாய் என்றால், நெம்புகோலை மடக்கினால் அமுங்கி விரியும் ரப்பர் பிளக்.

திருகு வகையில் ஏமாறுவது எளிது. பிளக்குக்குச் சொல்லும் 'அரை இஞ்ச்' என்பது குழாயின் பெயரளவு மட்டுமே; மரையின் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. வெளிநாட்டுப் படகுச் சாமான்களில் பெரும்பாலும் என்.பி.டி. என்ற அமெரிக்க அளவு மரை, நம் ஊர் பிளம்பிங் கடையில் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு மரை. அரை இஞ்சில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான். ஆனால் பல்லின் கோணம் என்.பி.டி.யில் 60 டிகிரி, பி.எஸ்.பி.யில் 55. அதனால் சில சுற்று சுகமாக ஏறும், பிறகு சிக்கும், கசியும். டெஃப்ளான் டேப் சுற்றினால் குறை கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவே. பிளக்கையும் அது உட்காரும் வளையத்தையும் ஒரே செட்டாக வாங்குங்கள். பிளக்கின் தலைக்கடியில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உள்ளதென்றால் டேப் வேண்டாம். சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் வளையத்தில் அதற்கு மேல் போனால் விரிசல் விடும்.

ரப்பர் வகைக்குக் குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் அளவியால் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் குழாய் நசுங்கியிருக்கிறது; மாற்ற வேண்டியது குழாயை. தளர்ந்த நிலையில் பிளக் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நெம்புகோலை மடக்கக் கட்டைவிரல் பலம் முழுக்கத் தேவைப்பட வேண்டும். இரண்டு விரலில் மடங்கினால் நெம்புகோலைத் திருகி இறுக்கிவிட்டு மறுபடி மடக்குங்கள். படகடியில் டீசலும் ஆயிலும் தேங்கும். சாதாரண ரப்பர் அதில் ஊதிப்போகும், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் தாங்கும். கரையில் இருக்கும்போது நெம்புகோலைத் தளர்த்தி வைக்காவிட்டால் ரப்பர் அமுங்கியபடியே நின்றுவிடும்.

உப்புநீருக்கு வெண்கலம் அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளக். பித்தளையில் துத்தநாகம் கரைந்து, செம்புநிறம் தட்டிப் பொடியும். அலுமினியப் படகில் பித்தளையைப் போட்டால் அரிக்கப்படுவது படகுதான். அங்கே பிளாஸ்டிக் பிளக்.

கடலில் இறக்குமுன் பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி நிறுத்தி, உள்ளே 20 லிட்டர் ஊற்றி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு 15 நிமிடம் பாருங்கள். பிளக்கின் ஓரத்தில் சொட்டினால் பிளக்கை மாற்றலாம். வளையத்துக்கும் படகுக்கும் நடுவே ஈரம் கசிந்தால் பத்து பிளக் மாற்றினாலும் நிற்காது. வளையத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் வைத்துத் திரும்பப் பதியுங்கள். உள்ளே மரப்பலகை இருந்தால் அது ஊறி மெத்தென்று ஆகியிருக்கிறதா என்றும் அப்போதே குத்திப் பார்த்துவிடுங்கள்.