தரையில் சொட்டு இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைகிறது

என் பழைய பெட்ரோல் காரில் பத்து நாளைக்கு அரை லிட்டர் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) காணாமல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. கூலண்டின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டர்தான் போயிருக்கும் என்றார்கள், மாற்றினேன். அப்புறமும் குறைந்தது. கடைசியில் பார்த்தால் ஒழுகியது கூலண்டை இன்ஜினுக்குள் சுற்றவிடும் வாட்டர் பம்ப். ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஓடும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் நன்றாக ஆறட்டும்.

தேடுவதை ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். சூடான இன்ஜின்மேல் ஒழுகும் கூலண்ட் தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும், கறை மட்டும் மிஞ்சும். ஆகவே ஈரத்தைவிடக் கறையைத் தேடுங்கள்: வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு என்று உப்புப் பூத்தது போல இருக்கும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் போதும். ஹோஸ் முனைகள், கிளாம்ப், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம் எல்லாம் பாருங்கள். வாட்டர் பம்புக்கு அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் கசியும். என் காரில் அதற்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. இரவில் அடியில் அட்டை விரித்தும் பாருங்கள், சில கசிவுகள் இன்ஜின் ஆறி இரும்பு சுருங்கும்போது மட்டுமே வரும்.

வெளியே ஒன்றும் இல்லையா? முன் சீட்டுக்கு அடியில் கம்பளம் நனைந்து, இனிப்பு வாடை வந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர். ஆயில் மூடிக்குள் பால் போன்ற படலம், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் ஓயாத குமிழி, இவை ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே உள்ள சீல்) போயிருப்பதைக் காட்டும். அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

எப்போது சூடாகிறது என்பதும் முக்கியம். நெரிசலில் மட்டும் என்றால் முதலில் ஃபேன். வேகமாகப் போகும்போது என்றால் ரேடியேட்டர் அடைப்பு. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) திறக்கவில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள், வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது.

சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும், அது அவற்றுக்கு விஷம்.

சரிசெய்த பின் மெதுவாக நிரப்பி, ஹீட்டரைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடத் தொடங்கி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டால் காற்று வெளியேறும். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டேங்கில் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு, ஒரு வாரம் தினமும் பாருங்கள்.