பகலில் முக்கால், ராத்திரியில் கால்: பிக்கப் டீசல் முள்ளை நாமே சரிபார்ப்பது

எங்கள் பிக்கப்பில் டீசல் முள் பகலில் முக்கால் டேங்க் காட்டும், ராத்திரி லைட் போட்டதும் காலுக்கு இறங்கிவிடும். வண்டி ஓட்டுவது அக்கா மகன். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே கிளம்புகிறவன், முள்ளைப் பார்த்துப் பயந்துபோய் நாங்குநேரி பக்கம் ஒரு பங்கில் இரண்டாயிரத்துக்கு டீசல் போடச் சொல்லியிருக்கிறான். பாதி போவதற்குள் "அண்ணே, வழியுது, வழியுது!" என்று பங்க் பையன் சத்தம் போட்டிருக்கிறான். மெக்கானிக்கிடம் கேட்டால், "டேங்க் யூனிட்டு போச்சு, மாத்திரும்வே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாற்றினேன். அன்று ராத்திரியும் முள் காலில்தான் நின்றது.

இனி நான் செய்த வரிசை. ஃபியூஸ் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் கோளாறு மீட்டர் போர்டு பக்கம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். டீசல் முள் மட்டும்தான் என்றால் நேராக டேங்க்குக்குப் போங்கள்.

டேங்க்கின் மேலே யூனிட் இருக்கும். உள்ளே ஒரு மிதவை, அது ஏறி இறங்க ரெசிஸ்டன்ஸ் மாறும், முள் அதைத்தான் படிக்கிறது. என் வண்டியில் டேங்க் நிறைந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியானால் அதிகம். சில வண்டிகளில் இது தலைகீழ், அப்படியிருந்தால் கீழே சொல்வதையும் திருப்பிப் போட்டுப் படியுங்கள்.

சாவியை ஆன் செய்து யூனிட்டின் கப்ளரை, அதாவது ஒயர்கள் வந்து சேரும் பிளக்கை, கழற்றுங்கள். முள் காலிக்கு இறங்க வேண்டும். அரை நிமிஷம் பொறுங்கள், இந்த முள் ஆடி அசைந்துதான் வரும். அடுத்து, மீட்டரிலிருந்து வரும் ஒயரை ஒரு சின்ன 12 வோல்ட் பல்ப் வழியாக பேட்டரி மைனஸில் தொடுங்கள். ஒயரை வெறுமனே தொடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது, தவறான ஒயரைத் தொட்டுவிட்டால் பொறி பறக்கும். முள் ஃபுல் பக்கம் ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம்.

நான் வழுக்கியது இங்கேதான். முள் ஏறியதும் "அப்போ யூனிட்தான்" என்று முடிவு கட்டிவிட்டேன், மெக்கானிக்கும் அப்படித்தான். ஆனால் பேட்டரியில் தொட்ட அந்தச் சோதனையில் யூனிட் மட்டுமா விலகி நின்றது, யூனிட்டின் எர்த் ஒயரும்தானே விலகி நின்றது? அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: கப்ளரில் மீட்டர் ஒயரையும் எர்த் ஒயரையும் அதே பல்ப் வழியாக இணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, பிரேக்கையும் ஒருவரை மிதிக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் தொட்டபோது ஏறிய முள் இப்போது ஏற மறுத்தால் எர்த்தில்தான் வியாதி. எங்கள் வண்டியில் பின் விளக்குக்கும் டேங்க் யூனிட்டுக்கும் ஒரே எர்த் போல்ட். விளக்கு எரியும்போது அந்தக் கரண்டும் துருப்பிடித்த அதே போல்ட் வழியாகப் போவதால், டேங்க்கில் டீசல் குறைந்துவிட்டதாக முள் நினைத்துக்கொள்கிறது. பின் விளக்கு மங்கலாக எரிந்ததைக்கூட பல்ப் பழசு என்று ஆறு மாசமாக விட்டிருந்தேன் பாருங்கள்.

மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும், முள்ளைக் குழப்ப அதில் கொஞ்சமே போதும். சாவி ஆன், விளக்கு ஆன், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொரு முனை யூனிட்டின் எர்த் பின்னில். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். எனக்கு 2.6 வோல்ட் வந்தது. பீப் அதற்கு முன்பு அழகாகத்தான் அடித்தது.

சேசிஸ் போல்ட்டைக் கழற்றினால், ஒயர் முனையில் இருக்கும் வளையமான லக் பச்சையும் பழுப்புமாக உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. நாங்கள் வாங்கும் முன்பு இது உவரிப் பக்கம் மீன் ஏற்றிய வண்டி, பாடியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் நேராக அங்கேதான் சொட்டியிருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன், ஒயரைப் பச்சை ஏறாத இடம் வரை வெட்டிப் புது லக் அழுத்தி முறுக்கினேன், மேலே வாசலின் தடவினேன். டேப் சுற்றுவது எனக்கு ஆகாது, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். மொத்தச் செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை. கழற்றிப் போட்ட பழைய யூனிட்டை அப்புறம் மல்டிமீட்டரில் வைத்து மிதவையைத் தூக்கிப் பார்த்தேன், ரெசிஸ்டன்ஸ் தடங்கல் இல்லாமல் சீராக மாறுகிறது. நல்ல சாமான். புதுசுக்குக் கொடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் போனது போனதுதான்.

யூனிட்டே கெட்டிருந்தால் கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டு, டேங்க் மேலே இருக்கும் மண்ணைச் சுத்தமாகத் துடையுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் ஒரு பிடி உள்ளே விழுந்தால் ஃபில்டர் அழும். கேஸ்கெட் புதுசு போடுங்கள். பெட்ரோல் வண்டியென்றால் டேங்க்கைத் திறக்கும் வேலையை ஒர்க்‌ஷாப்புக்கே விடுங்கள்.

பிறகு சேர்த்தது: முள் எப்போதும் ஃபுல்லிலேயே நிற்கிறது, கப்ளரைக் கழற்றினாலும் இறங்கவில்லை என்று வள்ளியூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது எர்த் விட்டுப்போன கேஸ் இல்லை, மீட்டர் ஒயர் வழியில் எங்கோ சேசிஸில் உரசிக்கொண்டிருக்கிறது. தேடிப் பார்த்ததில் தோப்பில் நிறுத்திய வண்டியில் எலி கடித்திருக்கிறது. இன்னொருவர் புது மாடல் வண்டியில் பல்ப் சோதனை செய்யலாமா என்று கேட்டார். கம்ப்யூட்டர் வழியாக முள் ஓடும் வண்டிகளில் வேண்டாம், வோல்ட் அளந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.