தாய்லாந்து மசாஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமாக ஒன்று

போன மாதம் சியாங் மாயில் என் குருவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் பாயில் மண்டியிட்டு ஒருவர் காலை ஒருவர் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் கட்டைவிரலும் வில்லாக வளைந்து நின்றது. பல வருடங்களுக்கு முன் அதே பாயில் என் விரலும் அப்படித்தான் நின்றது. நகத்தை வெட்டுங்கள், கையைக் கழுவுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டவரைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

விரல் பலத்தால் அழுத்துவது

குருவை நாங்கள் ‘மே க்ரூ’ என்போம், அம்மா குரு என்று அர்த்தம். தன் பாட்டியிடம் கற்றவர். அந்தப் பாட்டி தன் அம்மாவிடம் கற்றாராம். ஆள் 45 கிலோ இருந்தால் அதிகம். ஆனால் மலை மாதிரி ஆண்கள் அவர் கை பட்டதும் “பாவ், பாவ்” (மெதுவாக, மெதுவாக) என்று கெஞ்சுவார்கள்.

நான் அவரிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் 5 நாள், 30 மணி நேர வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். புள்ளி வைத்த படம் ஒன்று கொடுத்திருந்தார்கள். புள்ளி தெரிந்துவிட்டது, அப்புறம் அழுத்த வேண்டியதுதானே என்று ஒரு நாளைக்கு ஐந்து பேர் வரை பார்த்தேன். ஆறாவது மாதம் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியது. வந்தவர்கள் “இன்னும் அழுத்தமாக” என்றார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். கடைசியில் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. சோறு பிசைய முடியாமல் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். நான்கு மாதம் வருமானம் இல்லை, வாடகை மட்டும் ஒழுங்காக ஓடியது.

வீங்கிய விரலோடுதான் மே க்ரூவிடம் போனேன். அவர் திட்டவில்லை. பாயில் குப்புறப் படுத்து, ஐந்து வயதுப் பேரனைக் கூப்பிட்டுத் தொடை மேல் ஏறி நடக்கச் சொன்னார். “இவனுக்கு என்ன பலம் இருக்கிறது? எடைதான் இருக்கிறது” என்றார். நம் வீட்டிலும் தாத்தா காலை மிதித்துவிடச் சொல்வார் இல்லையா, அதேதான். அந்தக் குடும்பத்தில் படத்தைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே பிள்ளைகள் எடையைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். நாம் படத்தில் தொடங்குகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். முழங்கை மடங்காமல், தோள் நேராக விரலுக்கு மேலே வரட்டும். கட்டைவிரலின் நுனியை விட்டுவிட்டுச் சதைப்பகுதியை வையுங்கள், மூட்டு மடங்கவே கூடாது. இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், கனம் தானாக இறங்கும். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: அடியிலிருந்து யாராவது உங்கள் கையைத் தட்டிவிட்டால் நீங்கள் முன்னால் விழ வேண்டும். விழாமல் நின்றால் இன்னும் பலத்தால்தான் அழுத்துகிறீர்கள். தொடைக்கும் பிட்டத்துக்கும் விரலே தேவையில்லை. உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் எதற்கு இருக்கின்றன?

இத்தனை சொல்லியும் அந்த நான்கு பேரில் ஒருவர், “எனக்கு விரல் பலம் அதிகம், பரவாயில்லை” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஐஸ் கட்டி எங்கே இருக்கும் என்று மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.

‘நம்ம நாடிதானே’ என்பது

இது நம் ஆட்கள் செய்யும் தவறு. உடலில் சக்தி ஓடுவதாகத் தாய்லாந்து மரபு சொல்லும் பாதைகளுக்குச் ‘சென்’ என்று பெயர், அவை 10. முதல் மூன்றின் பெயர் இத்தா, பிங்கலா, சுமனா. நம் யோக நாடிகளான இடகலை, பிங்கலை, சுழுமுனை மாதிரியே காதில் விழுந்ததும் நமக்குத் தலைகால் புரியாது. ஆனால் பெயர்தான் ஒன்று, பாதை வேறு. நம் இடகலை முதுகெலும்பின் அடியில், மூலாதாரத்தில் கிளம்புகிறது. அவர்களின் இத்தா தொப்புளுக்கு அருகில் கிளம்பி, இடது தொடையில் இறங்கித் திரும்பி, முதுகு வழியே ஏறி இடது நாசிக்கு வருகிறது. தெரிந்ததாக நினைத்து நான் ஒரு வாரம் தப்பாகவே அழுத்திக்கொண்டிருந்தேன். பாங்காக்கின் வாட் போ கோயிலில் 1830களில் மூன்றாம் ராமா மன்னர் கல்லில் பதித்துவைத்த 60 உருவங்களைப் போய்ப் பாருங்கள். ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள், கையால் தேடுங்கள்.

ஜீவகர் வணக்கத்தை ஓட்டமாக முடிப்பது

புத்தரின் மருத்துவரான ஜீவகரை வணங்கித்தான் தொடங்குவார்கள். நம்பிக்கை இல்லையா, சரி. அந்த அரை நிமிடம் உங்கள் மூச்சை நிதானமாக்கவாவது உதவும்.

மூலிகை ஒத்தடம்

ப்ளைக் கிழங்கு (ஒரு வகை இஞ்சி), மஞ்சள், எலுமிச்சம்புல், புளிய இலை, கற்பூரம், உப்பு கட்டிய மூட்டை. ஆவியிலிருந்து எடுத்ததும் முதலில் உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வையுங்கள். எனக்கு அங்கே இன்னும் தழும்பு இருக்கிறது, வாடிக்கையாளர் யாருக்கும் இல்லை.

தொடை இடுக்கில் ரத்தக்குழாயை அடைத்துப் பிடிப்பது

இந்த முறையை முதல் வருடம் தொடவே தொடாதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய், நரம்புச் சுருட்டு உள்ளவர்களுக்கு எந்த வருடமும் வேண்டாம்.

கழுத்தில் நெட்டி முறிப்பது

கூடாது.

வாடிக்கையாளர் தூங்கிவிட்டால்

எழுப்பாதீர்கள். ஆனால் மல்லாக்கத் திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது? மே க்ரூ வாடிக்கையாளரின் பாதத்தை லேசாகத் தட்டிவிட்டு, தானும் ஒரு கொட்டாவி விடுவார்.