வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும் முன் ‘வாசல் விலை’ கணக்குப் போடுவது எப்படி?

வெளிநாட்டுத் தளத்தில் 60 சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருக்கும். பார்சல் சென்னைக்கு வந்து, டியூட்டி (சுங்க வரி) கட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு கூட்டிப் பார்த்தால் ரிச்சி தெருவில் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். தளத்தில் தெரிவது கடைக்காரரின் விலை. நாம் ஒப்பிட வேண்டியது பொருள் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலை. இந்தப் பதிவில் அதை ‘வாசல் விலை’ என்றே சொல்கிறேன்.

தளத்தில் கணக்கு தொடங்குவது எப்படி என்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. உதாரணத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: கீபோர்டுக்கான கீகேப் (விசைகளின் மேல் மாட்டும் மூடி) செட். ஜெர்மனிக் கடை ஒன்றில் 119 யூரோ. கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இது உள்ளே வருமா?

விலையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. இ-சிகரெட் 2019 முதல் சட்டப்படி தடை. விதை, செடி, கிழங்கு என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும். சாட்டிலைட் போன் பக்கமே போகாதீர்கள். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி போன்றவற்றைப் பெரும்பாலான அஞ்சல் சேவைகள் விமானத்தில் ஏற்றாது. விற்பவர் அதை மறைத்து அனுப்பினால் வழியிலேயே நின்றுவிடும்.

முழு கீபோர்டு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. புளூடூத் இருந்தால் வயர்லெஸ் அனுமதி என்ற கேள்வியும் சேரும். கீகேப் வெறும் பிளாஸ்டிக், அதனால் அந்தத் தொல்லை இல்லை. பொம்மைகளுக்கும் 2021 ஜனவரியிலிருந்து பிஐஎஸ் முத்திரை கட்டாயம். குழந்தைக்கு வாங்கும்போது இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரே பொருளில் ஐந்தாறு வாங்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்குபவருக்கு இறக்குமதியாளர் எண் தேவையில்லை. ஒரே மாதிரி ஆறு பெட்டி வந்தால் ‘வியாபாரமா?’ என்ற கேள்வி வரும், அந்த எண்ணையும் கேட்பார்கள்.

படி 2: உண்மையான அடக்க விலையைக் கண்டுபிடியுங்கள்

ஐரோப்பியக் கடைகள் பெரும்பாலும் உள்ளூர் வாட் வரியைச் சேர்த்தே விலை காட்டும். ஜெர்மனியில் 19 சதவீதம், பிரிட்டனில் 20. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்த வரி கிடையாது. தளத்தின் மேல் மூலையில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். இல்லையென்றால் செக்-அவுட்டில் சென்னை முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். 119 யூரோ 100 ஆக இறங்க வேண்டும். 119-இல் 19 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது, 1.19-ஆல் வகுக்க வேண்டும். இந்த இடத்தில் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள்.

முகவரி மாற்றியும் விலை இறங்கவில்லை என்றால் அந்தக் கடை ஏற்றுமதிக்கு வரிக் கழிவு தருவதில்லை. ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். கூப்பன் தேடி அலைவதைவிட இதில் மிச்சம் அதிகம்.

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகன், டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் மாநில விற்பனை வரியே இல்லை. பார்சலை வாங்கி மறு அனுப்பு செய்யும் ஃபார்வர்டிங் நிறுவனங்களில் பல, ஓரிகனிலும் டெலவேரிலும் கிடங்கு வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

தள்ளுபடி நிஜமா என்று பார்க்க அமேசானுக்குப் பழைய விலைகளைக் காட்டும் கீபா தளம் போதும். அதே மாதிரியான கேமல்கேமல்கேமலும் நல்லதுதான், ஆனால் அதில் இந்திய அமேசான் இல்லை. கீபாவில் அமெரிக்க விலையையும் இந்திய விலையையும் பார்த்துவிடலாம். பழைய பதிவுகளில் அலிஎக்ஸ்பிரஸ் இணைப்புகள் நிறைய இருக்கும். அது 2020 நவம்பரில் தடை செய்யப்பட்ட செயலி, அதைச் சுற்றி வழி தேடாதீர்கள்.

படி 3: ஷிப்பிங் வழிகளை ஒப்பிடுங்கள்

மூன்று வழிகள் உண்டு: சாதாரண அஞ்சல், இஎம்எஸ் (அஞ்சல் துறைகளின் விரைவுச் சேவை), எக்ஸ்பிரஸ் கூரியர்.

அஞ்சலில் பொதுவாகத் தராசு காட்டும் எடைக்குத்தான் காசு. எக்ஸ்பிரஸ் கூரியரில் கன அளவு எடை என்று ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். கீகேப் பெட்டி 40 × 30 × 8 என்றால் 9600, வகுத்தால் 1.92 கிலோ. தராசில் 900 கிராம்தான் இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஃபார்வர்டிங் நிறுவனத்தில் ‘ரீபேக்’ வசதி இருந்தால் வெளிப்பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். எடை பாதியாகலாம்.

டிராக்கிங் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அஞ்சல் எண் என்றால் 13 இடம்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக் குறியீடாக இரண்டு எழுத்து. ஜப்பான் என்றால் ஜேபி, ஜெர்மனி என்றால் டிஇ. முதல் எழுத்து ‘இ’ என்றால் இஎம்எஸ், ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல். ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வரும். 12345678 என்றால் கூட்டல் 204, மீதி 6, சரிபார்ப்பு இலக்கம் 5. (கழித்து 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போடுவார்கள்.) விற்பவர் கொடுத்த எண் இந்தக் கணக்கில் உட்காரவில்லை என்றால் எண் தப்பு, அல்லது ஆளே தப்பு.

நவம்பர், டிசம்பரில் வாங்குபவர்கள் ‘பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புங்கள்’ என்று ஆர்டர் குறிப்பில் எழுதிவிடுங்கள். பிளாக் ஃப்ரைடே ஆஃபரும் நம் ஊர் வடகிழக்குப் பருவமழையும் ஒரே சமயத்தில் வருகின்றன. அட்டைப் பெட்டி மட்டும் என்றால் உள்ளே இருப்பது நனைந்துதான் வரும்.

படி 4: டியூட்டி கணக்கு

இந்தியாவில் ‘இத்தனை ரூபாய்க்குள் வாங்கினால் டியூட்டி இல்லை’ என்ற வரம்பு வாங்கும் பொருளுக்குக் கிடையாது. 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. இன்னும் சில விற்பனையாளர்கள் நல்லெண்ணத்தில் ‘பரிசு’ என்று டிக் அடித்து, 10 டாலர் என்று விலை எழுதி அனுப்புகிறார்கள். அதுதான் பார்சலை நிறுத்தும். பெட்டியில் ஒட்டிய சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில் உள்ள தொகையும் நீங்கள் காட்டும் பில் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘பரிசு என்று போடாதீர்கள், உண்மை விலையை எழுதுங்கள்’ என்று ஆர்டர் போட்டவுடன் விற்பவருக்குச் செய்தி அனுப்புங்கள்.

பொருளின் விலைக்கு மட்டும் டியூட்டி போடமாட்டார்கள். பொருள், காப்பீடு, ஷிப்பிங் மூன்றும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் கூட்டிய தொகையின் மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி). வரிக்கு மேல் வரி என்பதால் விகிதங்களை வெறுமனே கூட்டினால் விடை தப்பும்.

அஞ்சலிலும் விமானக் கூரியரிலும் சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள்களுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. பழைய பதிவுகளில் ‘77.28 சதவீதம்’ என்று பார்த்திருப்பீர்கள். 35 சதவீத அடிப்படை வரி, அதன் மேல் 3.5, பிறகு 28 சதவீத ஐஜிஎஸ்டி என்ற காலத்துக் கணக்கு அது. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீத ஜிஎஸ்டி அடுக்கு எடுக்கப்பட்டது, அடிப்படை விகிதமும் பட்ஜெட்டில் மாறும். அதனால் ஆர்டர் போடும் அன்று சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் 9804 தலைப்பின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். யூரோவுக்கும் டாலருக்கும் கூகுள் காட்டும் மதிப்பை எடுக்கமாட்டார்கள். சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதம் தனி.

கீழே உள்ள கணக்கில் அடிப்படை வரி 20, ஐஜிஎஸ்டி 18 என்று வைத்திருக்கிறேன். இவை கணக்குக்காக மட்டும். ஷிப்பிங், கூரியர் கட்டணங்களும் அப்படித்தான். சிறு தொகை என்பதால் காப்பீட்டை விட்டுவிட்டேன்.

அஞ்சல் வழி: பொருள் 10,000, ஷிப்பிங் 1,800, மொத்தம் 11,800. அடிப்படை வரி 2,360, கூடுதல் வரி 236. கூட்டினால் 14,396. அதில் 18 சதவீதம் 2,591. வரி மட்டும் 5,187. இதுவரை 16,987.

கூரியர் வழி: பொருள் 10,000, ஷிப்பிங் 4,000. விமானத்தில் வரும் பொருளுக்கு, டியூட்டி கணக்கில் சேர்க்கும் சரக்குக் கட்டணம் பொருளின் ஏற்றுமதி விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மதிப்பீட்டு விதி சொல்கிறது. எனவே 4,000 அல்ல, 2,000-ஐத்தான் சேர்க்க வேண்டும். 12,000-க்கு வரி 5,275. கூரியர் நிறுவனம் உங்களுக்காக டியூட்டியை முன்கூட்டிக் கட்டுவதற்கும் ஒரு கட்டணம் வாங்கும். 1,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 180-ம் என்று வையுங்கள். மொத்தம் 20,455.

கார்டு கட்டணத்தையும் சேருங்கள். வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணி மார்க்-அப் 3.5 சதவீதம் என்றால் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4.13. அஞ்சல் வழியில் 487 ரூபாய், கூரியரில் 578. ஆக வாசல் விலை அஞ்சலில் சுமார் 17,475, கூரியரில் சுமார் 21,030.

‘119 யூரோதானே, 11,900’ என்று தோன்றிய பொருள் இது. இதையே இங்கே பில்லோடும் வாரண்டியோடும் ஒருவர் 18,000-க்குத் தருகிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவரிடமே வாங்குங்கள். 500 ரூபாய்க்காகப் பல வாரம் டிராக்கிங் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வேண்டாத வேலை.

சில தளங்கள் டியூட்டியையும் செக்-அவுட்டிலேயே வாங்கிக்கொள்ளும். அதை டிடிபி என்பார்கள். அமேசான் குளோபலில் அது ‘இம்போர்ட் ஃபீஸ் டெபாசிட்’. உண்மையான டியூட்டி குறைந்தால் மீதியைத் திருப்பித் தருவார்கள். முதல்முறை வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை இந்த வழிதான், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

படி 5: பெயர். இங்கேதான் பார்சல் மாட்டும்

கூரியரில் வருவதற்கு அடையாளச் சான்று கொடுக்காமல் சுங்கத்தில் விடமாட்டார்கள். மீனம்பாக்கம் சரக்கு வளாகத்துக்குப் பார்சல் வந்ததும் உங்களுக்கு ஒரு இணைப்பு வரும், அதில் சான்றைப் பதிவேற்ற வேண்டும். பார்சலில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

நம் இனிஷியல் இங்கே பெரிய தலைவலி. ஆதாரில் ‘கார்த்திகேயன் ஆர்’ என்று இருக்கும். வெளிநாட்டுத் தளம் கடைசிப் பெயர் கேட்கும். ‘ஆர்’ என்று போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் காட்டும். உடனே அப்பா பெயரை விரித்து ‘ராமசாமி’ என்று போடுவோம். பார்சல் கார்த்திகேயன் ராமசாமி பெயரில் வரும், சான்று கார்த்திகேயன் ஆர் பெயரில் இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று நிற்கும். ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறும்.

தீர்வு: பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தே அச்சிடுவார்கள். வெளிநாட்டு ஆர்டர் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், சான்றாகவும் அதையே கொடுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் பான் கார்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். செல்லப் பெயர் வேண்டவே வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் தனியாக முகவரிச் சான்றும் கேட்கலாம், வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று முழுதாக எழுதினால் பல தளங்களில் பாதியில் வெட்டிவிடும். புதிய எண்ணையும் தெருவையும் முதல் வரியில் போட்டு, பழைய எண்ணை இரண்டாவது வரிக்குத் தள்ளுங்கள். பின்கோடும் பத்து இலக்க மொபைல் எண்ணும் தப்பாமல் இருந்தால் மீதியைத் தபால்காரர் பார்த்துக்கொள்வார்.

படி 6: பணம் கட்டும்போது

கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை மூடியே இருக்கலாம். வங்கிச் செயலியில் திறந்து, வரம்பை ஆர்டர் தொகைக்குச் சற்று மேலே வைத்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காது, அதனால் மூடுவதை மறக்கக் கூடாது. ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?’ என்று தளம் கேட்டால் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.

பிறகு சேர்த்தவை

அஞ்சலில் வந்த பார்சல் ‘சுங்கத்தில் நிறுத்தம்’ என்று பல நாள் காட்டினால்: வரிசையில் இருக்கலாம், அல்லது ஆவணம் கேட்டுக் கடிதம் வரும். பில், கார்டு ஸ்டேட்மென்டில் அந்த ஒரு வரி, பொருளின் பக்கத்தை அச்செடுத்த தாள், அடையாளச் சான்று ஆகிய நான்கையும் ஒரே பிடிஎஃபாகத் தயாராக வைத்திருங்கள்.

பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பலாமா: அனுப்பலாம், ஆனால் கட்டிய டியூட்டி தானாகத் திரும்பி வராது. அதற்குத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல். அளவு பார்த்து வாங்க வேண்டிய செருப்பு, சட்டையை வெளிநாட்டில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

‘உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்’ என்று வீடியோ காலில் யாராவது மிரட்டினால் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். சுங்கத்துறை எந்தத் தனி நபர் கணக்குக்கும் டியூட்டி கட்டச் சொல்லாது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்கும், அதை மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.